கழிவறைக் கதவுக்கு முன்னால் ஹில்கோ

ஹில்கோ டைகமா வீட்டு முன்னறைத் திரை பகலிலும் மூடிக் கிடப்பது தெருவுக்கே பேச்சாகிவிட்டது. ஆப்பிங்கடாம் என்ற அந்தச் சிற்றூரில் சாவு வீட்டைத் தவிர யாரும் அப்படிச் செய்வதில்லை. பக்கத்து வீட்டு வுப்போ ஒருநாள் வந்து ஹில்கோவின் மனைவி ஃபென்னாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாராவது தவறிட்டாங்களா?"

யாரும் தவறவில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு காலை ஹில்கோ முகம் மழிக்கக் கண்ணாடி முன் நின்றபோது இடது கன்னம் தொங்கிப்போயிருந்தது. நரம்பில் வீக்கம் என்றார் மருத்துவர். மாத்திரையில் பாதி சரியானது. ஓராண்டு கழித்து, மீதி இனி இப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

ஹில்கோ பேருந்து ஓட்டுநர். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் "மோய்" என்பார். அந்த ஊர்ப் பக்கத்து வணக்கம் அது; வந்தாலும் மோய், போனாலும் மோய். பதில் சொல்லாமல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் வண்டியை எடுக்காமல் காத்திருப்பார். பின்னால் இருப்பவர்கள் சத்தம் போட்டு அந்தப் பிள்ளையை மோய் சொல்ல வைப்பார்கள். முகம் விழுந்த பிறகு உதட்டோரம் காற்று ஒழுகியது. மோய் என்றால் வேறு ஏதோ போலக் கேட்டது. ஒரு சிறுமி சிரித்தாள். அவள் தன் கைபேசியைப் பார்த்துக்கூடச் சிரித்திருக்கலாம். அடுத்த வாரமே ஹில்கோ பணிமனைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே டயர்களுக்கு மோய் சொல்ல வேண்டியதில்லை.

மகள் யான்கா இங்கிலாந்தில் இருக்கிறாள். வீடியோவில் அழைத்தால் ஹில்கோ கைபேசியைக் கூரைக்குத் திருப்பிவிட்டுப் பேசுவார். இப்போது அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. கப்பலேறிப் போய்ப் பார்க்க பாஸ்போர்ட் வேண்டும். பழையது காலாவதியாகிவிட்டது. புதியதற்குப் புகைப்படம் வேண்டும். அது பத்து வருடத்துக்கு அப்படியே இருக்கும். ஸ்டூடியோவில் அந்நியன் முன்னால் உட்கார மாட்டேன் என்றார் ஹில்கோ.

அதனால் வீட்டிலேயே எடுத்தார்கள். மூடிய திரை, மேசை விளக்கு, பின்னால் கட்டில் விரிப்பு. கன்னத்தைக் காதுக்குப் பின்னால் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டார். வாய் நேரானது. ஃபென்னா படம் எடுத்து, மருந்துக்கடை இயந்திரத்தில் அச்சிட்டு வந்தார்.

கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு ஹில்கோ ஃபென்னாவோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் கோடு போட்ட கண்ணாடித் தாளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"பின்னால இருக்கிற துணி மடிப்பெல்லாம் நிழலா விழுந்திருக்கு. காதுகிட்ட ஏதோ பளபளங்குது." கழுத்துத் துணியை இறக்கச் சொன்னாள். அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது உங்கள மாதிரி இல்லையே சார். கோணலா இருந்தா பரவால்ல, உங்க முகம்தான் வேணும். வாய் மூடியிருக்கணும். மூட முடியலன்னா உடம்புக் காரணம்னு குறிச்சுக்கலாம்."

"அதெல்லாம் குறிக்க வேண்டாம்," என்றார் ஹில்கோ.

சைக்கிளில் திரும்பும்போது சொன்னார். "நீ மட்டும் போய்ட்டு வா."

"சரி," என்றார் ஃபென்னா. "தாத்தா எப்படி இருப்பார்னு பேரன் கேட்டா நம்ம வீட்டுக் கூரைய காட்டுறேன். அவங்கம்மாவுக்கும் அதானே தெரியும்."

ஹில்கோ வேகமாக மிதித்து முன்னால் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை நடையில் ஏதோ இடிபடும் சத்தம் கேட்டு ஃபென்னா வந்து பார்த்தார். ஹில்கோ கழிவறைக் கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த ஊர் வழக்கப்படி கதவின் உள்பக்கம் தொங்கிய பிறந்தநாள் நாட்காட்டி நாற்காலி மேல் இருந்தது.

"என்னய்யா பண்ற?"

"வீட்டுல மடிப்பில்லாத வெள்ளை இது ஒண்ணுதான்."

கதவை முன்னறைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். இந்த முறை கன்னத்தில் ஒட்டுநாடா இல்லை. ஃபென்னா விளக்கைப் போட்டதும் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்தது. விளக்கை எங்கே நகர்த்தினாலும் நிழலும் கூடவே நகர்ந்தது.

"திரையத் திறந்தாத்தான் சரியா வரும்," என்றார் ஃபென்னா.

ஹில்கோ முழங்கால்களைப் பார்த்தபடியே சொன்னார். "திற."

வெளிச்சம் முகம் முழுக்க ஒரே சீராக விழுந்தது. கூடவே தெருவும் உள்ளே வந்தது. ரொட்டி வாங்கப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹில்கோவின் உதட்டோரம் திறந்து திறந்து கொண்டது. இறுக்கி மூடினால் கோபக்காரர் போல இருந்தது. எடுத்ததையெல்லாம் ஃபென்னா அழித்துக்கொண்டே வந்தார்.

நாயோடு வந்த வுப்போ சன்னல் முன் நின்றுவிட்டார். மேல்சன்னல் திறந்திருந்தது.

"என்ன ஹில்கோ, அவசரத்துக்குக் கதவையும் கூடவே தூக்கிட்டு அலையுறியா?"

ஹில்கோவின் பாதி முகம் சிரித்தது. ஒரு படம் பாழானது.

"போ வுப்போ. இவன் வாய மூடணும்," என்றார் ஃபென்னா.

"அதுக்குத்தானே இத்தனை வருசமா இந்தத் தெருவே காத்துக்கிடக்கு." வுப்போ நாயை இழுத்தபடி கையைத் தூக்கினார். "மோய்!"

பழக்கம்தான் முந்திக்கொண்டது. பதில் சொல்ல ஹில்கோவின் உதடுகள் கூடின. அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு வாய் மூடியே ஆக வேண்டும். கோணலாக, ஆனால் முழுக்க மூடியது. கண்கள் நேரே பார்த்தன. ஃபென்னா பொத்தானை அமுக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் "மோய்" வெளியே வந்தது, ஓரத்தில் காற்று ஒழுக.

"வந்துடுச்சு," என்றார் ஃபென்னா.

திங்கட்கிழமை ஹில்கோ கழுத்துத் துணி இல்லாமல் ஃபென்னாவோடு போனார். அதே பெண் கண்ணாடித் தாளை வைத்தாள், எடுத்தாள். "சரியா இருக்கு. கைரேகை வைங்க."

வெளியே வந்ததும் ஃபென்னா மகளை அழைத்தார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஹில்கோ கைபேசியை வாங்கி, தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

யான்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு வந்தாள். திரைக்கு அருகே குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, முடி வெட்டிட்டு வா. இப்படியேவா கப்பல் ஏறப்போற?"