சிவப்பில் விழுந்த மனை

முனிர்காவில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, தில்லியின் நிலத்தடி நீருக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பவர்களிடம் அம்மா, "ஆகாசத்துலேருந்து பாத்தே பூமிக்குள்ள தண்ணி எங்க இருக்குன்னு சொல்லிருவான்" என்பாள். செயற்கைக்கோளுக்குத் தண்ணீர் எங்கே தெரிகிறது? பாறை வெடிப்பு, மண், பழைய ஆற்றுத் தடம் இவைதான் தெரியும். அவற்றோடு கிணற்று நீரைச் சோதித்த முடிவுகளையும் சேர்த்து, நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புக்குச் சிவப்பு என்று வண்ணம் கொடுப்போம். பெண் தேடுகிற மும்முரத்தில் இருந்த அம்மாவுக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லை.

கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். நான் அலுவலகத்திலிருந்து பையும் கையுமாக நேராக வந்திருந்தேன். பெண்ணின் அப்பா மத்திய அரசு அதிகாரி. தமிழ் ஊழியர்கள் சேர்ந்து தில்லியின் துவாரகாப் பகுதியில் அடுக்கு வீடு கட்ட வாங்கியிருந்த மனைக்கும் அவர்தான் பொறுப்பு. பெண் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடவில்லை, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"தம்பி, எங்க மனையில போர் எங்க போடலாம்?" என்றார் அவர். கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாமே என்று பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டுப் பையிலிருந்த வரைபடத்தை விரித்தேன். மனை நட்டநடுச் சிவப்பில் கிடந்தது.

"செவப்புன்னா?"

அம்மா என் காலை மிதித்தாள். தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்புக்காக வெயிலில் கிணறு கிணறாக அலைந்தவன் நான். "எங்க போட்டாலும் உப்புதான் சார்" என்றேன்.

"அந்த மூலையில மட்டும் கொஞ்சம் நீலம் அடிச்சா என்ன தம்பி?"

"அச்சா, நீலம் அடிச்சா தண்ணி இனிச்சுடுமாப்பா?" என்று பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "சரி, சொல்லியனுப்பறோம்" என்று எழுந்துகொண்டார். அது மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டிய வசனம்.

"வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழிய ஒடச்சிட்டியே" என்று ஆட்டோவில் வழியெல்லாம் அம்மா புலம்பினாள். அவளைவிட எனக்குத்தான் வருத்தம். மாதங்கள் போயின, அங்கிருந்து தகவலே இல்லை. வேறு ஜாதகங்கள் வந்தன. நான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவே என் அறைக்கு மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். கையில் ஒரு பாட்டில். வாஸ்துக்காரர் காட்டிய மூலையில் போர் போட்டுவிட்டார்களாம்.

"உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் பொண்ணு பாக்க எத்தனையோ பேர் வந்தாங்க. யாரைக் கேட்டாலும் மனை பிரமாதம்னாங்க" என்றபடி மூடியைத் திருகி பாட்டிலை நீட்டினார்.

ஒரு வாய் குடித்தேன். தொண்டை வரை கரித்தது.

நான் முகம் சுளித்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க படம் சரிதானே, மாப்பிள்ளை?"