‘இட்’ என்கிற எழுவாய்

மகள் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் அவள் பள்ளியில் பாடத்திட்டம் மாறியது. தமிழைத் தவிர எல்லாமே ஆங்கிலம். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள். முதலியார்பேட்டை வீட்டில் ஒரு சாயங்காலம், அரிசி களைந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் பிரிக்கணும். நாளைக்கு டெஸ்ட். சொல்லிக்குடு."

எனக்குத் திக்கென்றது. அவளையே ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். கேட்கக் கேட்கத்தான் விளங்கியது: இது நாம் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தானே!

"யாரு செஞ்சாங்கன்னு கேளு. அதான் சப்ஜெக்ட்."

‘மீனவர் வலையை இழுத்தார்.’ ‘அண்ணன் மாங்காய் தின்றான்.’ விடை தானாக வந்தது. ‘கதவைச் சாத்து’ என்பதில் ஆளே இல்லையே என்று விழித்தாள்.

"‘நீ’ன்னு உள்ள ஒளிஞ்சிருக்குடி. தோன்றா எழுவாய்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசி வாக்கியம், ‘இட் இஸ் ரெயினிங்.’

"எது பெய்யுது? மழை. அப்ப ரெயின்தான் சப்ஜெக்ட்."

"அப்ப இட் எதுக்கும்மா?"

"அது சும்மா இருக்கும். நீ எழுது."

மறுநாள் வந்ததும் பையை வீசினாள். அது ஒன்றுதான் தப்பாம். "எல்லாரும் சிரிச்சாங்க. எங்கம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

மனசு கேட்காமல் பள்ளிக்கே போனேன். டீச்சர் சின்னப் பெண், பொறுமையாகத்தான் பேசினாள்.

"இட்தான் சப்ஜெக்ட்டுங்க."

"அந்த இட் யாரு மிஸ்? வானமா?"

"யாருமில்லீங்க. இங்கிலீஷ்ல சப்ஜெக்ட் இடம் காலியா இருக்கக் கூடாது. அதுக்காகப் போடறது."

தலையாட்டிவிட்டு வந்தேன். யாருமே இல்லாத ஒன்று எப்படி எழுவாயாகும்? வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. இருந்தாலும் டீச்சர் சொன்னதை மகளிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"மிஸ் க்ளாஸ்லயே சொல்லிட்டாங்கம்மா" என்றாள், தலை நிமிராமல்.

இப்போது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் படிக்கப் போகிறாள். பேசிவ் வாய்ஸ் என்று ஏதோ சொல்வது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கும். திரும்பி வந்ததும் அது என்னடி என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்கிறாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது சொல்வேன்.