அம்மா செய்த பொருத்தனை

முட்டை அவியும்போது சட்டிக்குள் அது கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் காது தானாக அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுகிறது. சங்கரன்கோவிலில், தறிக்கூடங்களுக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரே ஒரு முட்டை அவியும். அது என் அண்ணன் சாமுவேலுக்கு. எனக்குக் கிடையாது, நாளெல்லாம் விசைத்தறிக்கு முன்னால் நின்று கால் வீங்கி வரும் அப்பாவுக்கும் கிடையாது. கேட்டால் அம்மா, "அவன் கர்த்தருக்கு நேர்ந்த பிள்ளைட்டி, தெம்பா வளரணும்லா" என்பாள். கர்த்தருக்கு எதுக்கு முட்டை என்று ஒருமுறை கேட்டுவிட்டு, முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அவனுக்கும் ஆறாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு, அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "இவன எனக்குத் தந்தீருன்னா உமக்கே ஊழியஞ் செய்யக் குடுத்துருதேன் ஆண்டவரே" என்று அம்மா பொருத்தனை செய்திருக்கிறாள். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளை, பாதி கோயில் பிள்ளை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சபைப் போதகரை 'ஐயர்' என்பார்கள். சபைப் பெண்கள் அண்ணனைக் 'குட்டி ஐயர்' என்று கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அம்மாவின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. "பிரசங்க பீடத்துல நீ நின்னு பேசுவ. நான் முன்வரிசையில உக்காந்து கேப்பேன்" என்று அவன் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் சொல்லுவாள். முட்டைக்கு ஈடாக அவனுக்கு இல்லாமற்போனவையும் நிறைய. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடக் கூடாது, பூப்போட்ட சட்டை கூடாது. அவன் எதற்கும் முகம் சுளித்ததில்லை.

அவனுக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அது ஆடுமாடுகள்தான். பள்ளிக்கூடம் விட்ட கோடையில் பனவடலிசத்திரத்து மாமா வீட்டுக்குப் போனால் தொழுவத்திலேயே கிடப்பான். ஒரு முறை மாமாவின் வெள்ளாடு ஒன்று குட்டி போட முடியாமல் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. மாமா கையை விரித்துவிட்டார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அண்ணன் முழங்கை வரை விளக்கெண்ணெயைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கைவிட்டு, மடங்கிக் கிடந்த முன்னங்காலை நிமிர்த்தி, குட்டியை வெளியே எடுத்தான். அதன் மூக்கைத் துடைத்து வாயால் ஊத, அது தும்மியது. அந்த நேரத்தில் அண்ணன் சிரித்த சிரிப்பைக் கோயிலில் ஒரு நாளும் நான் கண்டதில்லை.

பிளஸ் டூ முடிந்ததும் கால்நடை மருத்துவப் படிப்புக்கு அவன் விண்ணப்பம் போட்டது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கவுன்சிலிங்குக்கு வரச்சொல்லிச் சென்னையிலிருந்து கடிதம் வந்தபோது, அம்மா அவனை பைபிள் காலேஜில் சேர்க்க எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தாள். வருகிற ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் அவனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து ஜெபம்; அதற்காக அவளே ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருந்தாள். அண்ணன் மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். சனிக்கிழமை சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, "இத நீயே வச்சுக்கோம்மா. என்கிட்ட இருந்தா மனசு அலையுது" என்றான். அவ்வளவுதான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அர்த்தம் சொன்னேன். "என்னைக்காம்?" என்று கேட்டாள். "புதன்கிழமை" என்றேன். முறத்தில் கிடந்த அரிசியை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட, அண்ணனும் அம்மாவும் எழுந்து முன்னால் போனார்கள். "மனப்பூர்வமா வாரியா சாமுவேல்?" என்று ஐயர் கேட்டார். "வாரேன் ஐயா" என்றான். குரலில் நடுக்கமே இல்லை; அம்மாவுக்காக அவன் உண்மையாகவே மனதை ஒப்புக்கொடுத்திருந்தான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவன் தலைமேல் வைக்க ஐயர் கையைத் தூக்கியபோது அம்மா, "பொறுங்க ஐயா" என்றாள்.

"நேர்ந்தது நான். அவனுக்கு அப்ப ஆறு மாசம், அவன் ஒண்ணும் சொல்லல. ஐயரப் பெத்தவன்னு பேரெடுக்கணும்னு எனக்குத்தான் ஆசை. அந்த ஆசையத்தான் ஆண்டவருக்குக் குடுத்தேன் குடுத்தேன்னு இத்தன வருசமா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். இவன் தன் ஆசைய நேத்து எங்கையில குடுத்துட்டான் ஐயா. நான்தான் என்னோடத இன்னும் குடுக்கல."

தறிச் சத்தத்தோடு முப்பது வருடம் பேசிப் பழகிய அப்பாவுக்கு ரகசியம் பேச வராது. "ஏளா, என்ன பேசுத நீ?" என்று அவர் கிசுகிசுத்தது கடைசி வரிசை வரை கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்போ உங்க பொருத்தனை?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார்.

"அத நான் நிறைவேத்துதேன். ஊழியத்துக்கு ஒரு ஆளுதான வேணும்? நான் வாரேன்."

ஐயர் அண்ணனுக்காகத் தூக்கிய கையை அம்மாவின் முக்காட்டின் மேல் வைத்து ஜெபம் பண்ணினார். கடிதம் அண்ணனின் கைக்குத் திரும்பியது. திங்கட்கிழமை சாயங்காலம் சென்னை ரயிலில் அவனும் அப்பாவும் ஏறினார்கள்.

அதன் பிறகு நடந்தது அவ்வளவு லேசாக இல்லை. குட்டி ஐயர் என்று கொஞ்சிய அதே வாய்கள் அம்மாவைப் 'பொருத்தனைய முறிச்சவ' என்றன. முதல் வருடமே விடுதியில் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. "எம்மேல கோவம்னா என்னைய அடியும் ஆண்டவரே, அவன விட்டுரும்" என்று அழுதாள். அண்ணன் தேறி வந்தான். ஆனாலும் அந்தப் பயம் அவளைவிட்டுப் போகப் பல வருடங்கள் ஆயின.

தன் ஊழியமாக அம்மா வெள்ளிக்கிழமை தோறும் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலுமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவாள், நகம் வெட்டுவாள், தலை வாரிவிடுவாள். கேட்டவர்களுக்கு ஜெபம் பண்ணுவாள், கேட்காதவர்களிடம் ஊர்க்கதை பேசுவாள். எச்சில் சளியைக் கண்டாலே குமட்டுகிறவள், முதல் சில மாதம் வீட்டுக்கு வந்ததும் வாந்தியெடுப்பாள். வெள்ளிக்கிழமை கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி. பாட்டென்றால் அவளுக்கு உயிர். வேறு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னம்மா என்று கேட்டேன். "மிச்சத்தக் குடுக்கதுக்குப் பேரு குடுக்கதாட்டி?" என்றாள். பாடகர் குழுவில் அவள் நின்ற இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் கால்நடை மருத்துவராகி, மேற்கே ஒரு ஊரில் ஆடுமாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அம்மாவைக் குறை சொன்ன பெண்களில் இருவருக்குக் கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டியது அவள்தான். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று கதவு திறந்து கிடந்த அந்த நீள வார்டு இன்று இல்லை. புதுக் கட்டடம், வாசலில் காவலாளி, உள்ளே போக அனுமதிச் சீட்டு. தூக்குவாளியோடு வார்டுக்குள் வரும் பெண்களும் இல்லை.

முட்டிவலியால் சில மாதங்களாக அம்மா போகவில்லை. போன வெள்ளிக்கிழமை, "இப்பல்லாம் வெளிச்சாப்பாடு உள்ள விட மாட்டாங்கம்மா, போயி என்ன செய்யப் போற?" என்று அவளைத் தேற்றுவதுபோலச் சொன்னேன்.

"கஞ்சி இல்லாட்டி என்னட்டி, சும்மா பக்கத்துல உக்காந்திருக்கலாம்லா" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.