மூன்று ஷிஃப்ட் சாப்பிட்ட மீன்

போன வாரம் கூரியரில் ஒரு பாக்கெட் வந்தது. என் மகள் இணையத்தில் வரவழைத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துக் காய்ந்த பாதாம் இலைகள். அவள் புதிதாக வாங்கியிருக்கும் ஃபைட்டர் மீனின் தண்ணீரில் போடுவதற்காம். ஒவ்வொரு இலையையும் துடைத்து, மேலும் கீழும் அட்டை வைத்து, ஓரம்கூட ஒடியாமல் அனுப்பியிருந்தார்கள். என் கல்யாணப் புடவைகூட இவ்வளவு பத்திரமாக வீடு வந்து சேரவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டும் அல்லவா. கோலார் தங்கவயலில், நந்திதுர்க்கில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. பின்பக்கம் ஒரு பாதாம் மரம். அது கொட்டுகிற இலையை அம்மா தினமும் பெருக்குவாள், திட்டுவாள், வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பாள். அந்தக் குப்பைக்கு இப்போது பாக்கெட் போட்டுப் பேர் வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டை மூக்கில் வைத்து இழுத்தேன். அதே துவர்ப்பு வாசனை. உடனே பிரகாஷ் ஞாபகம் வந்தான். அவன் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தான், அது வேறு விஷயம். எனக்கு ஞாபகம் வந்தது பழைய பிரகாஷ்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுரங்கத்தை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப் பேர் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனோம். வண்டி மாரிகுப்பத்தில் புறப்படுவதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். சில ஸ்டேஷன் தள்ளி ஏறுகிற ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்களுக்குக் கிடைக்காது. பிரகாஷுக்கு மட்டும் எப்படியோ தினமும் என் பக்கத்தில் கிடைத்தது. அந்த எப்படியோ என்பது என் கைப்பை.

அவன் அப்பா அந்தப் பெரிய ஃபாக்டரியில் என்ஜினியர். என் அப்பா சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். அதாவது ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற இரும்புக் கூண்டை, ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் மேலே இருந்து இயந்திரத்தால் இறக்கி ஏற்றுகிறவர். குவார்ட்டர்ஸ் பையனுக்கும் லைன் பெண்ணுக்கும் நடுவில் நாலைந்து ஸ்டேஷன்தான் தூரம் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. அதனால் நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எட்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் சாயங்கால வண்டியில் அவன் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியோடு ஏறினான். இன்னொரு கையில் ஒரு கவர். அதில் நீல உடம்பும் சிவப்பு வாலுமாக ஒரு ஃபைட்டர் மீன். புனேயில் இரண்டு வாரம் டிரெயினிங், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ரொம்ப நாளாக ஆசையாக வளர்க்கிறேன், நீ வைத்துக்கொள்வாயா என்று கேட்டான். வைத்துக்கொள்வாயாவா? யானையைக் கொடுத்திருந்தாலும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

வீட்டில், என்னோடு வேலை செய்யும் சாந்தியுடைய மீன் என்று சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, பையன் ஷோக்காக இருக்கிறான் என்றார்.

இப்போது ஷிஃப்ட் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஒருவர் விடிகாலையில் வருவார், ஒருவர் மத்தியானம், ஒருவர் ராத்திரி. வருகிற முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுரங்கத்தை மூடியும் அந்தக் கை ஓயவில்லை. காலையில் காபி குடித்ததும் அப்பா மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டார். மத்தியானம் அம்மா நாலு சோற்றுப் பருக்கை போட்டாள். சாயங்காலம் நான் வந்து, பாவம், காலையிலிருந்து பட்டினி என்று அள்ளிப் போட்டேன். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

ஆறாம் நாள் மீன் தொட்டியின் அடியில் படுத்துவிட்டது. வயிறு கடலை மாதிரி வீங்கியிருந்தது. மேலே வரப் பார்க்கும், பாதி தூரம் ஏறும், பொத்தென்று விழும். ஒரு மீனை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாதவளிடம் அவன் இனி எதைக் கொடுப்பான்? எட்டு மாதமும் போச்சு என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பா என்னைவிடக் கலங்கிப் போயிருந்தார். "கீழ எறக்கினவன மேல ஏத்தாம நான் ஒரு நாளும் வூட்டுக்கு வந்தது இல்ல" என்றார். அடுத்த வீட்டு முனுசாமி மாமாவைக் கூப்பிட்டார். மாமா சுரங்கத்தில் காற்று மின்விசிறிகளைப் பார்த்துக்கொண்டவர். குனிந்து ஒரு பார்வை பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கீழே காத்து கெட்டுப்போயிருக்கிறது, அடி லெவல் வரைக்கும் நல்ல காத்து அனுப்ப வேண்டும். எங்கிருந்தோ பெரிய தொட்டிக்கான பம்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் தொட்டி கொதிக்கிற சாம்பார் ஆனது. நோயாளி ராட்டினத்தில் ஏறியதுபோல் மூன்று சுற்றுச் சுற்றி அம்மாவின் முகத்தில் தண்ணீரடித்தது. மாமா மட்டும், பாருங்கள், சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று பூரித்தார்.

பம்பை நிறுத்தினோம். அப்பா, அந்த சாந்திக்குப் போன் போட்டு, மீன் வழக்கமாக என்ன சாப்பிடும் என்று கேட்கச் சொன்னார். பக்கத்திலேயே நின்றார். வேறு வழியில்லாமல் பிரகாஷுக்குப் போட்டேன். சாந்தி, உன் மீன் என்ன சாப்பிடும் சாந்தி என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து, லைன் முழுக்கக் கேட்கிற ஆண் குரலில், "நான் பிரகாஷ் பேசறேன். மீன் என்ன சாப்பிடும்னா... பொரி?" என்றது.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு, மீன் விற்கிற கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. ஃபைட்டர் மற்ற மீன் மாதிரி இல்லையாம்; அடிக்கடி மேலே வந்து, வெளிக்காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் போகுமாம். தீனி அதிகமாகி வயிறு அடைத்துக்கொண்டால் மேலே வர முடியாதாம். பம்பு ஆகவே ஆகாதாம். மூன்று நாள் பட்டினி போட வேண்டும், பாதாம் இலை ஊறிய தண்ணீர் ஊற்ற வேண்டும், அதன் பிறகு தோலுரித்த பச்சைப் பட்டாணியில் கடுகளவு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அப்ப இவன் நம்ம ஆளுதான். மேல வர முடியலன்னா ஷாஃப்ட்ட சின்னதாக்கிட வேண்டியதுதான்" என்றார். தண்ணீரை நான்கு விரல் ஆழத்துக்குக் குறைத்தார். மீன் சற்றே எம்பி, ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது. நான் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அம்மா அந்த வருடத்தில் முதல்முறையாகத் திட்டாமல் பாதாம் இலை பொறுக்கினாள். அப்பாவும் மாமாவும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள், தீனியோடு யாரும் கிட்டே வந்துவிடாமல். நான்காம் நாள் பட்டாணி. ஐந்தாம் நாள் காலை மீன் வெளிக்குப் போனது. அந்தச் செய்தியை அப்பா லைன் முழுக்க வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். கன்னடக்கார டீச்சர் வீட்டில் அவருக்குக் காபிகூடக் கொடுத்தார்களாம். தினம் ஒரு விரல் தண்ணீர் ஏற்றினார். இரண்டு வாரம் முடியும்போது தொட்டி நிறைந்திருந்தது, மீன் வாலை விசிறிக்கொண்டு மேலும் கீழும் போய் வந்தது.

பிரகாஷ் மீனை வாங்கிப்போக வீட்டுக்கே வந்தான். அப்பா அவனைத் தொட்டிக்கு எதிரில் உட்கார வைத்து, வியாதி வந்தது முதல் வெளிக்குப் போனது வரை ஒரு மணி நேரம் விவரமாகச் சொன்னார். அவன் வியர்த்து ஊற்ற எல்லாவற்றுக்கும் சரி அங்கிள், சரி அங்கிள் என்றான். கடைசியில் அப்பா, "மீன் வளக்கறவனுக்கு அது இன்னா துன்னும்னு தெரியாம போவாது, தம்பி. அத எப்ப வாங்கின?" என்று கேட்டார்.

பிரகாஷ் என்னைப் பார்த்தான், மீனைப் பார்த்தான். "ரயில் ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி" என்றான்.

"மீன் இங்கயே இருக்கட்டும். அடுத்த தபா உங்க அம்மாவக் கூட்டினு வா."

வந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கல்யாணம் முடிந்து நாங்கள் பெங்களூருக்குக் குடிவந்தோம். மீன் அப்பாவோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார், எனக்கல்ல, பிரகாஷுக்கு. மாமனாரும் மருமகனும் வேறு எதுவும் பேசத் தெரியாமல் மீனைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார்கள். இன்று இவ்வளவு சாப்பிட்டது, இப்படித் திரும்பியது, இத்தனை தரம் மேலே வந்தது.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தது. மீன் ஆடி மாதமே செத்துவிட்டது என்று அம்மா சமையலறையில் ரகசியமாகச் சொன்னாள். நடுவில் ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள். நாங்கள் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெங்களூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பிரகாஷ், மீன் எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டான். சற்று நேரம் அங்கே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா, "நல்லாகீறான் மாப்ள, இப்பதான் மேல வந்து காத்து குடிச்சிட்டுப் போனான்" என்றார்.

பதினோரு வருடம் அப்படியே போயிற்று. இப்போது லைனில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. பாதாம் மரத்தை வெட்டிவிட்டார்கள். முனுசாமி மாமா போய்விட்டார். போன வருடம், சுரங்கத்துத் தூசு படிந்த நெஞ்சோடு மூச்சுக்குத் திணறி அப்பாவும் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. எங்கள் கணக்கில் அந்த மீன் செத்தது அன்றைக்குத்தான்.