நீலப் பட்டை அடித்த வீடு

பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை, ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு என்னை இழுத்துப் போகிறது.

சாலை போடுவதற்காக எங்கள் வரிசையை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்தான், ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த அம்மா, மாலைகளில் வீட்டை அலங்கரிக்கத் தொடங்கினாள். சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து சுவர் முழுக்க அடித்து, கீழே முழங்கால் உயரத்துக்கு அடர் நீலப் பட்டை இழுத்து, வெள்ளைத் துணியில் நீல நூலால் பூப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தாள்; சுண்ணாம்பு மட்டை சுவரில் உரசும் சத்தத்தைக் கேட்டபடியே நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

"இடிக்கப்போற வீட்டுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ஜோடனை?" என்றார் அப்பா.

"அழகா இருந்தா இடிக்க மனசு வராதுங்க" என்றாள் அம்மா. நானும் அதை நம்பினேன்.

இடிக்க வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரையைத் தொட்டுப் பார்த்து, "வீட்ட நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அதே குரலில் அவர், "ஒரு மணி நேரம் டைம் தர்றேன். சாமானெல்லாம் எடுத்துக்குங்க" என்றார்.

அதன்பிறகு மூன்று வாடகை வீடுகள் மாறினோம். எதிலும் அம்மா ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. ஆணி அடிக்கட்டுமா என்று கேட்டால், "இன்னாத்துக்கு? வேணாம் விடு" என்பாள்.