அக்காவுக்குக் காமாலை என்றேன்

இன்று காலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் கீழ்வீட்டு ஹான்ஸைப் பார்த்தேன். மனைவி நலமா என்று கேட்டேன். அவளுக்கு டெப்ரெஸி, அதாவது மனச்சோர்வு, நாளை மின்சிகிச்சை தொடங்குகிறார்கள் என்றார், பல் பிடுங்கப் போவதைச் சொல்வதுபோல. நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தாழ்ந்த குரலில் வாக்குக் கொடுத்தேன். அவர் விழித்தார். ரொட்டிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லியாயிற்றே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். ஹாலந்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. கடுமையான மனச்சோர்வு மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. வாய் மட்டும் இன்னும் சேரம்பாடி எஸ்டேட் லயத்தை விட்டுக் கிளம்பவில்லை.

லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசைவீடுகள்; அங்கே ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுக்கு இடிப்பார்கள். தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அக்கா, ஒரு மழைக்காலத்தில் எழுந்திருப்பதையே நிறுத்தினாள். தலை வாரவில்லை, சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மாத்திரைகள் கேட்கவில்லை. மயக்கம் கொடுத்துத் தலையில் மின்சாரம் பாய்ச்சும் மின்சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார் கோயம்புத்தூர் டாக்டர். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது எம்.எஸ்ஸி. மாணவன், மின்சிகிச்சையைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. வேண்டாம் என்றேன். பயம் பாதி; பைத்தியக்காரியின் தம்பி என்பார்களே என்ற வெட்கம் மீதி.

எஸ்டேட் ஆபீஸிலும் லயத்திலும் அக்காவுக்குக் காமாலை என்று சொன்னேன். காமாலை மரியாதையான நோய். மறுநாளே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். வாசனை அக்காவுக்குக் குமட்டுமென்று பக்கத்து வீட்டில் மீன்கூடப் பொரிக்கவில்லை. இல்லாத நோய்க்கான மருந்தை அக்கா மாதக்கணக்கில் பேசாமல் குடித்தாள். ஒருநாள் மட்டும், “எனக்குக் காமாலையா தம்பி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இங்கே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மூளைப் படங்களை ஒப்பிடுகிறேன். நினைவுக்கான ஒரு சிறு பகுதி சிகிச்சைக்குப்பின் சற்றே பருத்திருக்கிறது. குணமாக்குவது அதுதானா என்று இன்னும் தெரியாது. எல்லோருக்கும் குணமாவதில்லை, சிலருக்குக் கொஞ்ச நாள் மறதி வருகிறது. ஆனால் முதல் வாரம் சக்கர நாற்காலியில் வந்த பெண், சில வாரங்களில் தலை வாரிக்கொண்டு நடந்து வருகிறாள். அப்போதெல்லாம் அக்காவின் வாராத தலை நினைவுக்கு வருகிறது.

ஹான்ஸைப் பார்த்துவிட்டு ஆய்வகம் போனதும் அம்மாவை அழைத்தேன். அக்கா இப்போதும் பாதி நாள் படுக்கையில்தான். விடுப்பு எடுத்து வருகிறேன், டாக்டர் அன்று சொன்ன சிகிச்சையைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

“அன்னைக்கு நீதானே வேணாம்னு சொன்ன? படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டோம்.”

அம்மாவின் குரலில் கோபமே இல்லை. போனை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா கேட்டாள்:

“காமாலை இன்னும் எறங்கலையா தம்பி?”

எதிரே திரையில் யாரோ ஒரு டச்சுக்காரியின் மூளை. காதில் சேரம்பாடி மழை. அறையில் என்னைத் தவிர யாருமில்லை. தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அது காமாலையே இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று குரல் தானாகத் தாழ்ந்தது.