புதினாவுக்கு ஆஸ்பிரின்

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தைரியசாலி என்று சொல்ல முடியாது. மழை நாளில் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்தால் அட்டை ஏறும். அதனால் காலுறைக்குள் கைப்பிடி உப்பைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் என் மனைவியோ அட்டையைச் சுண்டி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மாலையில் காலுறையை அலசிய தண்ணீரை, வீணாகக் கூடாதே என்று, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டின் கூரைக்குக் கீழே மழை படாமல் இருந்த மரப்பெட்டியில் ஊற்றிவந்தேன். பெட்டியில் அவளுடைய புதினா இருந்தது. இரண்டு வாரத்தில் இலையோரம் கருகியபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. தீபாவளிக்குப் பூண்டுலோயாவிலிருந்து அவளுடைய அண்ணன் வருகிறார். போன வருடம் அவள் கடைப் புதினாவில் அரைத்த துவையலை வைக்கோல் என்று சொன்னவர். இந்த முறை சொந்தப் புதினாவில் அரைத்துக் காட்டுவதாக அவள் சவால் விட்டிருந்தாள்.

"கோழி கிளறியிருக்கும்" என்று பழியைப் பக்கத்து வீட்டுக் கோழி மேல் போட்டேன். மறுநாள் டவுனில் ஆஸ்பிரின் வாங்கிவந்து, ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்து இலைகளில் தெளித்தேன்.

"யாருக்குங்க தலைவலி?"

"புதினாவுக்கு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பல வருடம் பாடம் நடத்திய வாய் கேட்கவில்லை. செடிக்கும் ஹோர்மோன் உண்டு, அதில் ஒன்று ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம், கஷ்டத்தைத் தாங்க உதவும், இன்னொன்று இலையின் நுண்ணிய வாய்களை மூடச்சொல்லி இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றும் என்று அளந்தேன். "மண்ணுல உப்பு கூடிருச்சுன்னா செடி இப்படித்தான் சமாளிக்கும்."

"உப்பா? கோழியா வந்து உப்பு போட்டுச்சு?"

கொடியில் தொங்கிய காலுறையை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஏசியிருந்தால் பரவாயில்லை. வாளியை என் கையில் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து, பெட்டியின் ஓட்டை வழியாக உப்பெல்லாம் ஓடும்வரை ஊற்றினேன். கொஞ்ச நாளில் துளிர் விட்டது. என் ஹோர்மோன் என்றேன். பீலித் தண்ணி என்றாள். உப்பைக் கழுவாமல் எந்த ஹோர்மோனும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவள் சொன்னதுதான் சரி.

தீபாவளியன்று அண்ணன் மூன்றாவது தோசைக்கும் துவையல் கேட்டார். "எப்புடி தங்கச்சி இப்புடி தளதளன்னு வளத்தே?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"உங்களுக்கு உப்பு போதுமாங்க?" என்றாள் என் பக்கம் திரும்பி.

"போதும், போதும்" என்றேன். பிறகு தோசைக்கு மட்டும் வாயைத் திறந்தேன்.